கோட்டை ரயில் நிலையம் வழியாக ஊருக்குப் போகிறவர்களுக்கு

கட்டுநாயக்காவில் இறங்கி யாழ்ப்பாணம் போகிறவர்களில் பலர் இப்போது விமான நிலைய வாசலிலேயே வான் பிடித்து, ஏ9 வீதி வழியாக நேரே ஊர் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு இந்தக் குறிப்பு தேவையில்லை. வானில் குந்தியிருந்தால் முழங்கால் நோகும் என்பதற்காகவோ, பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் போகும் யாழ்தேவி ரயிலைக் காட்ட வேண்டும் என்பதற்காகவோ, அல்லது என்னைப்போல் காரணத்தை மனைவியிடம்கூட ஒழுங்காகச் சொல்ல முடியாமலோ, கொழும்புக் கோட்டை நிலையத்தில் ரயில் ஏறியே தீருவேன் என்று நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நல்லூர்த் திருவிழாவுக்குப் போன வழியில் நாங்கள் பட்ட பாட்டில் பாதியையாவது நீங்கள் படாமல் தப்பிக்கொள்ளலாம்.

பெயர் கோட்டை என்றாலும் நிலையம் இருப்பது புறக்கோட்டைப் பக்கம், ஒல்கொட் மாவத்தையில். வரைபடத்தில் கோட்டையைத் தேடி, வங்கிக் கோபுரங்கள் நிற்கும் பகுதியில் இறங்கி, அங்கிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு வெயிலில் நடந்தவர்களை எனக்குத் தெரியும். முச்சக்கர வண்டிக்காரரிடம் ‘கொட்டுவ ஸ்டேஷம’ என்று சொன்னால் போதும். உறவினர் எவராவது உங்களை அங்கே சந்திப்பதாக இருந்தால், ‘ஸ்டேஷனுக்கு முன்னால் நிற்கிறேன்’ என்று சொல்ல வேண்டாம். அந்த நேரத்தில் ஸ்டேஷனுக்கு முன்னால் ஊரே நிற்கும். வாசலுக்கு எதிரே உள்ள கேணல் ஒல்கொட்டின் சிலையடியைக் குறிப்பிடுங்கள். சென்னை அடையாறில் பிரம்மஞான சபையின் தலைமையகத்தை அமைத்த அதே அமெரிக்கர்தான், இலங்கையில் பௌத்தப் பாடசாலைகளுக்கு வித்திட்டதற்காக இங்கே சிலையாக நிற்கிறார். அவருக்குப் பின்னால் தெரியும் நிலையம் 1917இல் திறக்கப்பட்டது. நான் கடைசியாகப் பார்த்த 1990ஆம் ஆண்டுக்கும் இப்போதைக்கும் இடையில் நாட்டில் மாறாத பொருள் எது என்று கேட்டால், அந்த முகப்பைத்தான் காட்டுவேன்.

காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது வரையும், மாலை நாலரையிலிருந்து ஏழு வரையும் அந்த நிலையம் நம்முடையதல்ல. வேயாங்கொடை, கம்பஹா, றாகம, நீர்கொழும்பு என்று ஒரு பக்கமும், களுத்துறை, பாணந்துறை, மொறட்டுவை என்று மறுபக்கமும், அவிசாவளைப் பாதையில் இன்னொரு பக்கமுமாக அலுவலக ரயில்கள் அடுத்தடுத்து வந்து ஆட்களைக் கொட்டும். சீசன் சீட்டை எடுத்துக் காட்டக்கூட நேரமில்லாத அந்தக் கூட்டம் மேம்பாலப் படிகளில் ஒரே உடம்பாக ஏறி ஒரே உடம்பாக இறங்கும். என் மனைவி படியின் நடுவில் நின்று பையைத் தோள் மாற்றினார். மூன்று விநாடிதான் இருக்கும். பின்னால் வந்த பெண்மணி ‘அயின் வென்ன’, அதாவது ‘ஒதுங்குங்கள்’ என்று, கோபமே இல்லாத, ஆனால் மறுபேச்சுக்கு இடமில்லாத குரலில் சொல்லிவிட்டுக் கடந்து போனார். எனக்கு வெட்கமாக இருந்தது, ஏனென்றால் ரொறன்ரோ யூனியன் நிலையத்தில் இருபது ஆண்டுகளாக நானும் ஒவ்வொரு காலையும் நகரும் படியை அடைத்து நிற்கும் சுற்றுலாப் பயணிகளை மனதுக்குள் திட்டிக்கொண்டுதான் போகிறேன்.

அந்த ரயில்களுக்கென்று எழுதப்படாத சட்டங்கள் உண்டு. இருக்கையில் ஒரு கைக்குட்டையோ மடித்த பத்திரிகையோ கிடந்தால் அது காலியான இருக்கை அல்ல. மிதிபலகையில் தொங்குகிறவர்களை ‘உள்ளே வாருங்கள்’ என்று அழைப்பது உதவியாகாது. அவர்களில் பலர் அடுத்த நிலையத்தில் முதலில் குதிப்பதற்காகவே அங்கே நிற்கிறார்கள். கம்பஹாவிலிருந்து வரும் எழுதுவினைஞர் ஒருவர், 2022இல் பெற்றோல் வரிசை வந்தபோது மோட்டார் சைக்கிளை வீட்டில் நிறுத்தியவர், பிறகு பெற்றோல் வந்தும் ரயிலை விடவில்லை என்று என்னிடம் சொன்னார். நின்றுகொண்டே தூங்கப் பழகிவிட்டாராம். அவர்களுடைய வேலைநாளின் நடுவே நாம் ஊர் நினைவுகளோடு குறுக்கே நிற்கிறோம் என்பதை உணர்ந்து நடந்தால், அந்த நிலையத்தில் யாரும் உங்களைக் கடிந்துகொள்ளப் போவதில்லை.

இனி ஆசனப்பதிவு. உண்மையில் இதை எழுதுவதற்காகத்தான் உட்கார்ந்தேன்.

வடக்கு ரயில்களுக்கு முன்கூட்டியே இணையத்தில் இடம் பதியலாம். திருவிழாக் காலத்தில் பதிவு திறந்த சிறிது நேரத்திலேயே சீட்டுகள் தீர்ந்துவிடும். 2024 நவம்பரிலிருந்து, பதியும்போது பயணியின் தேசிய அடையாள அட்டை இலக்கத்தையோ கடவுச்சீட்டு இலக்கத்தையோ கொடுக்க வேண்டும் என்பதும், பயணத்தின்போது அதே ஆவணத்தைக் காட்ட வேண்டும் என்பதும் கட்டாயமாகிவிட்டன. மலையக ரயில்களின் சீட்டுகளை மொத்தமாக வாங்கி வெளிநாட்டவருக்குப் பல மடங்கு விலையில் விற்றவர்களைத் தடுப்பதற்காக வந்த நல்ல விதி அது. அந்த விதி என் மாமியைச் சந்திக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

மாமி, என் அப்பாவின் தங்கை, வெள்ளவத்தையில் மகனோடு இருக்கிறார். நாங்கள் வருகிறோம் என்றதும் தானும் ஊருக்கு வருவதாகச் சொன்னார். நானே சீட்டு எடுக்கிறேன் என்று தொலைபேசியில் சொன்னேன். ‘வெளிநாட்டிலயிருந்து வந்து நீ ஏன் தம்பி காசு கட்டுறாய்? ரிக்கற் எடுக்கிறதுகூட எங்களுக்கு ஏலாதெண்டு நினைச்சியோ?’ என்று கேட்டார். முப்பத்தைந்து ஆண்டுகளாக அவர்களுக்குப் பெரிதாக எதையும் செய்யாதவன் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? சரி என்றேன். மச்சான் கடவுச்சீட்டு இலக்கம் கேட்டுச் செய்தி அனுப்பியதாகவும், நான் இரண்டு நாட்களாகப் பார்க்கவில்லை என்பதாகவும் பிறகு தெரிந்தது. சீட்டு தீர்ந்துவிடப் போகிறது என்ற பதற்றத்தில் அவன் அம்மாவைக் கேட்க, மாமி அலுமாரிக்குள்ளிருந்து ஒரு பழைய பிஸ்கற் ரின்னை எடுத்திருக்கிறார். 1990இல் நான் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தபோது, பொலிஸ் வந்து யார் என்று கேட்டால் காட்டுவதற்காக என் அடையாள அட்டையின் பிரதி ஒன்றைக் கொடுத்திருந்தேன். அந்தப் பிரதி அதற்குள் மடிப்புக் குலையாமல் இருந்திருக்கிறது. மச்சான் அதிலிருந்த இலக்கத்தைக் கொடுத்து எனக்கு இடம் பதிந்தான். என் மனைவி சிறுபிள்ளையாகவே நாட்டை விட்டவர், அவருக்கு அடையாள அட்டையே இருந்ததில்லை. ஆகவே அவருடைய இடத்தில் தன் மனைவியின் இலக்கத்தைப் போட்டான். இவ்வளவும் அன்பினால் நடந்தவை என்பதை இப்போது எழுதும்போது விளங்குகிறது. அன்று காலை விளங்கவில்லை.

நிலையத்தின் வாயிலில் நின்ற அலுவலர் மாமியின் அட்டையைப் பார்த்துத் தலையசைத்து உள்ளே விட்டார். என்னிடம் ‘ஐ.சி.?’ என்றார். கனடியக் கடவுச்சீட்டை நீட்டினேன். சீட்டில் இருந்ததோ எழுபதில் தொடங்கும் ஒன்பது இலக்கங்களும் ஒரு ‘வீ’ எழுத்தும். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அது என்னுடைய இலக்கம்தான், நான்தான் அந்த ஆள், பிறந்த ஆண்டைப் பாருங்கள் என்று அரைகுறைச் சிங்களத்தில் விளக்கினேன். அவர் தமிழிலேயே, மிகவும் பொறுமையாக, ‘அப்ப அந்த அட்டையைக் காட்டுங்கோ’ என்றார்.

அந்த அட்டை ஸ்காபரோவில் ஒரு இழுப்பறையில் கிடக்கிறது. கனடியக் குடியுரிமை எடுத்த நாளோடு என் இலங்கைக் குடியுரிமை சட்டப்படி அற்றுப்போனது. இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒவ்வொரு தையிலும் நினைத்து ஒவ்வொரு மார்கழியிலும் மறந்தவன் நான். 1990 மே மாதத்தில் இதே நிலையத்தில் யாழ்தேவியிலிருந்து இறங்கியபோது, அந்த அட்டையை உள்ளங்கையில் வியர்க்க வியர்க்கப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். அது இல்லாமல் ஒரு தமிழ்ப் பொடியன் அன்று கொழும்பில் ஒரு சந்தியைத் தாண்டியிருக்க முடியாது. அன்று அதைத் தொலைத்துவிடக் கூடாது என்று அப்பா யாழ்ப்பாண மேடையில் மூன்று முறை சொன்னார். தொலைக்கவில்லை, அப்பா, கொண்டுவரத்தான் இல்லை.

அலுவலர் மீது எனக்கு மனத்தாங்கல் எதுவும் கிடையாது. விதிப்படி அந்தச் சீட்டுகள் எங்கள் இருவருக்கும் செல்லாது. முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கிக்கொண்டு அதே ரயிலில் போகலாம் என்று அவரே வழியும் சொன்னார். சீட்டு வாங்கும் யன்னல்கள் பாதைவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கும், மேலே மூன்று மொழிகளிலும் எழுதியிருக்கும். நான் பதற்றத்தில் பலகையை வாசிக்காமல், வரிசை குறைவாக இருந்த யன்னலில் நின்று, முறை வந்த பிறகு அது கரையோரப் பாதைக்குரியது என்று அறிந்து, மறுபடியும் இன்னொரு வரிசையின் வாலில் போய் நின்றேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

மாமி இரண்டாம் வகுப்பில் ஏறியிருந்தார். பக்கத்தில் எங்களுடைய இரண்டு இருக்கைகளும் காலியாக இருந்தன. நாங்கள் நாலு பெட்டிக்கு அப்பால், கழிவறைக் கதவுக்கும் ஒரு வாழைக்குலைக்கும் இடையில் நின்றோம். பொல்காவலை தாண்டியதும், விடுமுறை முடிந்து முகாமுக்குத் திரும்பும் ஒரு இளைஞன் எழுந்து தன் இருக்கையை என் மனைவிக்குக் கொடுத்தான். எந்த முகாம் என்று நான் கேட்கவில்லை. எந்த நாடு என்று அவனும் கேட்கவில்லை. மாகோவில் மாமியிடமிருந்து அழைப்பு வந்தது. ‘தம்பி, சாப்பிட்டியளே? இடியப்பப் பார்சல் என்னட்டையெல்லோ கிடக்கு’ என்றார். அந்த நெரிசலில் பெட்டிவிட்டுப் பெட்டி நடந்து போக வழியில்லை. அனுராதபுரம் வரை அவர் அந்த இரண்டு இருக்கைகளிலும் கைப்பையையும் குடையையும் வைத்துக் காவல் காத்துவிட்டு, பிறகு கைக்குழந்தையோடு ஏறிய ஒரு தம்பதிக்குக் கொடுத்தாராம். எனக்கு வவுனியாவில் இடம் கிடைத்தது.

ஆகவே, சீட்டை நீங்களே எடுங்கள். கையில் கொண்டுபோகும் கடவுச்சீட்டின் இலக்கத்தையே, உங்களோடு வரும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். பதிந்த பிறகு கடவுச்சீட்டைப் புதுப்பிக்க நேர்ந்தால் பழையதையும் கூடவே கொண்டுபோங்கள். உறவினர் மனம் நோகும் என்று தெரிந்தால், ‘வெளிநாட்டுப் பாஸ்போட் இருக்கிற ஆக்கள் தாங்களேதான் பதிய வேணுமாம்’ என்று பழியைச் சட்டத்தின் மேல் போடுங்கள். அது முழு உண்மையல்ல. எனினும் மாமிமாருக்குச் சட்டத்தோடு கோபமில்லை. செலவு செய்ய விரும்புகிறவர்களை இடியப்பத்துக்குச் செலவு செய்ய விடுங்கள், ஆனால் அந்தப் பார்சலை ரயில் ஏறுமுன் உங்கள் கைக்கு வாங்கிவிடுங்கள்.

வெள்ளவத்தையில் தங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். வடக்கு ரயில்களில் சில கல்கிசையிலிருந்தே புறப்பட்டுக் கரையோரமாகக் கோட்டைக்கு வருகின்றன. நீங்கள் பதியும் ரயில் உங்களுக்கு அருகிலுள்ள நிலையத்தில் நிற்குமா என்று விசாரித்துப் பாருங்கள். நிற்குமானால் கோட்டையின் காலைக் கூட்டத்தை யன்னலுக்குள் இருந்தபடியே பார்த்துக்கொண்டு போகலாம். நாங்கள் கோட்டைக்குத்தான் போவோம் என்று அடம்பிடித்தது நான். மேடை எண்ணை ஒலிபெருக்கி மூன்று மொழிகளிலும் சொல்லும், ஆனால் கடைசி நேரத்தில் மாற்றியும் சொல்லும். பலகையை மட்டும் நம்பி இருந்துவிட வேண்டாம். ரயில் ஊழியர்களின் பணிப்புறக்கணிப்பு முன்னறிவிப்பு அதிகமின்றி வரும், ஆகவே திரும்பும் விமானத்துக்கு முதல்நாள் இரவு ரயிலில் வருவதாக ஒருபோதும் திட்டமிடாதீர்கள்.

திரும்பி வந்தபோது எங்கள் சொந்தக் கடவுச்சீட்டு இலக்கங்களில், ஒழுங்கான இருக்கைகளில் வந்தோம். 1990இல் நான் இறங்கி மூன்று வாரங்களில், ஜூன் மாதத்தில், போரினால் வடக்குப் பாதை அறுந்தது. அப்பா என்னை வழியனுப்பிய யாழ்ப்பாண மேடைக்கு மறுபடியும் ரயில் வந்தது 2014 ஒக்டோபரில்தான். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவர் போய்விட்டார். இந்த முறை அதே மேடையிலிருந்து புறப்பட்ட சீட்டை நினைவுக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டைப் பையில் பத்திரப்படுத்தியிருந்தேன். கோட்டை நிலையத்தில் வெளியேறும் வாயிலில் சீட்டைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள் என்பதை மறந்துவிட்டேன். கொடுக்கும் மட்டும் அலுவலர் கையை நீட்டியபடியே நின்றார், பின்னால் அலுவலக ரயிலின் கூட்டம் வந்து முட்டியது. உங்களுக்கும் அப்படி ஒரு எண்ணம் இருந்தால், றாகம தாண்டுமுன் சீட்டைப் படம் எடுத்துவிடுங்கள்.