60-க்கு மேல் நடக்கத் தொடங்குகிறீர்களா? முதலில் திரும்பி வரும் வழியைக் கணக்குப் போடுங்கள்

எனக்கு 64 வயதில்தான் டாக்டர் "நடங்க சார்" என்றார். எவ்வளவு நேரம், எப்படி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் காலையிலேயே கோவை ரேஸ் கோர்ஸுக்குப் போய்விட்டேன், சுற்றி வந்தால் இரண்டரை கிலோமீட்டர், இது என்ன பெரிய தூரமா என்று நினைப்பு. பாதி வட்டத்தில் முழங்கால் பிடித்துக்கொண்டது. வட்டப் பாதையில் ஒரு சங்கடம் இருக்கிறது: பாதியில் நின்றால் முன்னால் போனாலும் பின்னால் போனாலும் அதே ஒன்றேகால் கிலோமீட்டர்தான். பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஆட்டோவில் வீடு வந்தேன். கையில் காசும் இல்லை, போனும் இல்லை. மனைவிதான் வாசலுக்கு வந்து ஆட்டோவுக்குக் கொடுத்தாள்.

அதனால் நான் செய்த மாதிரி செய்யாமல், இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதல் படி: டாக்டரிடம் இரண்டு கேள்வி

நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம் வந்து, நின்றால் சரியாகிறதா? அதேபோல் கெண்டைக்கால் வலித்து, நின்றால் போய்விடுகிறதா? இரண்டையும் "வயசாச்சு" என்று தள்ளிவிடக்கூடாது, ரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம், நடக்கத் தொடங்கும் முன்பே காட்டிவிடுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள், சுகர் மாத்திரை எடுக்கிறவர்கள் வெறும் வயிற்றில் நடக்கலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சில மாத்திரைகளோடு நடந்தால் சுகர் திடீரென்று இறங்கும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே உட்கார்ந்து மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ சாப்பிட வேண்டும். சட்டைப் பையில் ஒரு பொட்டலம் இருந்தால் போதும்.

இரண்டாவது: காலணி

ஷூ வாங்க சாயங்காலம் போங்கள், அந்த நேரத்தில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்போது சரியாக இருப்பதுதான் எப்போதும் சரியாக இருக்கும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். "போடப் போடச் சரியாகிடும்" என்று கடைக்காரர் சொன்னால் கழற்றிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ரப்பர் செருப்பில் நடக்க வேண்டாம், ஈரத் தரையில் வழுக்கும். சுகர் உள்ளவர்கள் ஷூவுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தபிறகு காலை விடுங்கள், கால் மரத்துப்போனவருக்கு உள்ளே கிடக்கும் கல் தெரியாது. கோயில் பிரகாரத்தில் வெறுங்காலோடு சுற்றுகிறவர்கள் வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: 5 போக, 5 வர

இதுதான் முக்கியம். முதல் வாரம் கடிகாரத்தைப் பார்த்து 5 நிமிடம் நடங்கள். நன்றாகத்தான் இருக்கும், இன்னும் போகலாம் என்று தோன்றும். போகாதீர்கள், திரும்புங்கள். களைத்த பிறகு திரும்பினால் களைப்போடுதான் அத்தனை தூரமும் வர வேண்டும். அடுத்த வாரம் 6 போக, 6 வர. இப்படி வாரத்துக்கு ஒரு நிமிடம் ஏற்றினால் பதினோராவது வாரத்தில் 15 போக, 15 வர. வாரம் 5 நாள் என்றால் 150 நிமிடம், உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தபட்சமாகச் சொல்வது அதுதான். ஒரு வாரம் முழங்கால் முரண்டு பிடித்தால் அதே நிமிடத்திலேயே இன்னொரு வாரம் இருங்கள், யாரும் மார்க் போடப் போவதில்லை.

வேகம் எவ்வளவு? பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக்கூடாது. முதல் இரண்டு, கடைசி இரண்டு நிமிடம் மெதுவாக.

ஒரு நாளைக்கு 10,000 காலடி நடந்தே ஆக வேண்டும் என்று பேரன் போனில் காட்டுவான். அது 1960-களில் ஜப்பானில் காலடி எண்ணும் கருவியை விற்க அதற்கு வைத்த பெயரிலிருந்து பிரபலமான எண். 60 தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடிக்கு மேல் ஆயுள் கணக்கில் பெரிய கூடுதல் லாபம் இல்லை என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. இப்போது 2,000 நடக்கிறீர்கள் என்றால் 3,000-ஐப் பாருங்கள், போதும்.

எட்டு போடலாமா?

எல்லா பார்க்கிலும் இந்தக் கேள்வி உண்டு. வெளியே போக முடியாதவர்களுக்கு மொட்டை மாடியில் எட்டு வடிவ நடை வசதிதான், திரும்பித் திரும்பி நடப்பதால் தடுமாறாமல் இருக்கப் பழக்கமும் ஆகும். அதற்காக எட்டு போட்டால் சுகர், பிரஷர், மூட்டு வலி எல்லாம் 21 நாளில் ஓடிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நான் நம்புவதில்லை. தலைசுற்றல் உள்ளவர்கள் சின்ன எட்டு போட வேண்டாம், நேராக நடங்கள்.

நடையோடு சேர்த்து

நடை மட்டும் விழாமல் காப்பாற்றாது. காலையில் பல் தேய்த்த கையோடு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை 10 தடவை தூக்கி இறக்குங்கள். பிறகு நாற்காலியிலிருந்து, முடிந்தால் கை ஊன்றாமல், 5 தடவை எழுந்து உட்காருங்கள்.

கைத்தடி வைத்திருப்பவர்கள் பலரும் வலிக்கிற கால் பக்கமே பிடிக்கிறார்கள். வலது முழங்கால் வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும், தடியும் வலிக்கிற காலும் ஒன்றாக முன்னே போக வேண்டும். நடைபாதை இல்லாத ரோட்டில் வலது ஓரமாக நடங்கள், எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்.

சரி, மழைக்காலத்தில்? பாசி பிடித்த மாடிக்கு மட்டும் போகாதீர்கள். ஹாலில் டீப்பாயை ஓரமாகத் தள்ளி, மிதியடியைச் சுருட்டி வைத்துவிட்டு, சாப்பிட்ட பிறகு மூன்று வேளையும் பத்துப் பத்து நிமிடம் நடங்கள், சாப்பாட்டுக்குப் பின் ஏறுகிற சுகருக்கும் அது நல்லது. டிவி சீரியலை நிறுத்த வேண்டியதில்லை.