பெரம்பலூர்–அரியலூர் மண்ணுக்கு அடியில் என்ன பாறை? நடந்தே கண்டறியும் முறை

பெரம்பலூருக்கு மேற்கே கிணறு வெட்டுகிறவர்கள் கருங்கல்லுக்கு வெடி வைக்கிறார்கள். அரியலூருக்குக் கிழக்கே வெட்டினால் சிப்பியும் சுண்ணாம்புமாக வருகிறது. இரண்டு ஊர்களுக்கும் இடையே முப்பது கிலோமீட்டர் அளவுதான் தூரம். இந்த வட்டாரத்துக்குள் மிகப் பழைய பாறைகளில் தொடங்கி, டைனோசர்கள் அழிந்த காலம் வரையும் அதைத் தாண்டியும் பாறைகள் வரிசையாக நிற்கின்றன. தமிழ்நாட்டில் அடிப்பாறையைப் படிக்கப் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது.

இங்கே வேலை செய்யும்போது கல்லின் பெயரைவிட, ஒரு கல் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடம்தான் முக்கியம். எல்லைகளைப் பிடித்துவிட்டால் நடுவில் இருப்பதற்குப் பெயர் வைப்பது எளிது. பை நிறையக் கல் சேர்த்துக்கொண்டு, எல்லை எங்கே என்று குறிக்காமல் வீடு திரும்பினால் அன்றைய உழைப்பில் பாதி வீண்.

கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ், சுத்தியல், கண்ணுக்குக் கவசம், பேனாக்கத்தி, திசைகாட்டியோடு சேர்ந்த சாய்வுமானி, கெட்டி அட்டை நோட்டு, பென்சில். வரைபடத்துக்கு 1:50,000 அளவுள்ள நில அளவைத் தாள் போதும். அதில் 1 செ.மீ. என்பது தரையில் 500 மீட்டர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ‘பூகோஷ்’ இணையதளத்தில் பாறை வரைபடத்தைப் பார்க்கலாம். கிளம்புமுன் அதைப் பாருங்கள்; ஆனால் களத்தில் அதை நம்பி நடக்காதீர்கள். 1:50,000 வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் தடித்த கோடு தரையில் 25 மீட்டரை மறைத்துவிடும்.

சுண்ணாம்பைச் சோதிக்க நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும். 35–37 சதவீத அமிலம் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு என்று கலந்தால் ஏறத்தாழ 10 சதவீதக் கரைசல் கிடைக்கும். தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். மாற்றி ஊற்றினால் சூடேறித் தெறிக்கும். 30 மி.லி. பிளாஸ்டிக் சொட்டுப் புட்டி ஒன்று ஒரு நாளுக்குத் தாராளம். உலோக மூடி வேண்டாம், அரித்துவிடும்.

போக வேண்டிய மாதங்கள் ஜனவரியும் பிப்ரவரியும். வடகிழக்குப் பருவமழை ஓடைக் கரைகளைப் புதிதாக அரித்துக் கழுவி வைத்திருக்கும், தரையும் காய்ந்திருக்கும். மழைக்காலத்தில் காரை என்னும் ஊர்ப் பகுதிக் களிமண்ணில் கால் வைத்தால் புதையும்; செங்குத்தான கரைகளும் சரியும்.

எது அடிப்பாறை, எது வந்து கிடப்பது

புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். அரியலூர் வட்டாரச் சாலைகளில் கிடக்கும் கருநீல ஜல்லி அந்த ஊர்ப் பாறை அல்ல. மேற்கே உள்ள குவாரியிலிருந்து லாரியில் வந்தது. வரப்புக் கல், வேலிக் கல், ஏரிக்கரைக் கல் எதையும் சாட்சியாக எடுக்கக் கூடாது. ஒரு கல் தன் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க, அக்கம்பக்கத்தில் அதே வகைக் கல்லில் அதே சாய்வு குறைந்தது மூன்று இடங்களில் தெரிகிறதா என்று தேடுங்கள். ஒன்று மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றால் அதை உதிரிக்கல்லாகவே குறித்துக்கொள்ளுங்கள்.

சிறந்த சாட்சி திறந்த கிணறு. சுவரில் பாறை வெட்டுமுகமாகத் தெரியும். உள்ளே இறங்க வேண்டாம். கயிற்றில் கல் கட்டி இறக்கி ஆழத்தை அளந்து, எந்த மீட்டரில் எந்த நிறம் மாறுகிறது என்று எழுதுங்கள். கிணற்றோரம் கொட்டிய மண்மேட்டையும் விடாதீர்கள். அங்கே வரிசை தலைகீழ்: கடைசியாக வெட்டியது மேலே கிடக்கும், அதாவது மேட்டின் உச்சியில் இருப்பதுதான் கிணற்றின் அடிப்பகுதி.

மண்ணின் நிறத்தை வைத்துப் பாறையைச் சொல்லவே சொல்லாதீர்கள். கரிசல் சுண்ணாம்புக்கல் மேலும் இருக்கும், களிமண் படிவின் மேலும் இருக்கும், கருங்கல் நிலத்திலும் இருக்கும். சுக்கான்கல் இன்னும் மோசமாக ஏமாற்றும். நிலத்தடி நீர் ஆவியாகும்போது மண்ணுக்குள் சுண்ணாம்பு உருண்டு கெட்டிப்படுவதே சுக்கான். அமிலம் விட்டால் நுரைத்துப் பொங்கும். அதைப் பார்த்துவிட்டு நைஸ் என்னும் கருங்கல் வகை நிலத்தையெல்லாம் சுண்ணாம்புக்கல் என்று குறிப்பது வழக்கமாக நடக்கும் தவறு. சுக்கானில் அடுக்கும் இருக்காது, கடல் சிப்பியும் இருக்காது. உருண்டையை உடைத்தால் உள்ளே மண்துகள்கள் சிக்கியிருக்கும்.

மேற்கிலிருந்து கிழக்கே

பாறைப் பட்டைகள் ஏறத்தாழ வடகிழக்கு–தென்மேற்காக நீண்டு கிடக்கின்றன. அடுக்குகள் கிழக்கு, தென்கிழக்குப் பக்கமாக மெல்லச் சாய்கின்றன. எனவே பட்டைகளுக்குக் குறுக்கே கிழக்கு நோக்கி நடந்தால் ஒவ்வொரு எல்லையைத் தாண்டும்போதும் இன்னும் இளைய பாறைக்கு வருவீர்கள். கருங்கல் நிலத்தில் கிலோமீட்டருக்கு ஓர் இடம் நின்று பார்த்தால் போதும். எல்லை நெருங்குகிறது என்று தோன்றினால் நூறு மீட்டருக்கு ஒருமுறை நில்லுங்கள்.

தொடக்கம் பெரம்பலூரைச் சுற்றிய கருங்கல் நிலம். ‘கருங்கல்’ என்று பொதுவாகச் சொல்வதில் இங்கே இரண்டு வகை உண்டு. வெளுத்தும் கறுத்தும் பட்டை பட்டையாக இருப்பது நைஸ். புதிதாக உடைத்த முகம் எண்ணெய் தடவியது போலக் கரும்பச்சையாகவோ நீலச்சாயலாகவோ மின்னினால் அது சார்னோகைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல் இந்த வகை என்பதால் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து அதற்கு அப்பெயர் வைத்தார். சென்னைப் பல்லாவரம் பாறையும் அதே குடும்பம். வெயில் மழையில் கிடந்த மேல்தோல் பழுப்பாக மாறியிருக்கும், எனவே உடைக்காமல் முடிவு சொல்லக் கூடாது. நைஸின் பட்டைகள் படிவு அடுக்குகள் அல்ல. வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை. அவற்றின் சாய்வை நோட்டில் வேறு குறியீட்டில் எழுதுங்கள். குன்றுகளில் வெங்காயத் தோல் போல உரிந்து நிற்கும் பலகைகளும் அடுக்கு அல்ல. அவை பாறை விரிவடைந்து உண்டான விரிசல்கள்.

தெரணிப் பக்கம் வெளிர்நிறக் களிமண் வருகிறது. இது நிலத்தில் படிந்தது. பலகைபோலப் பிளந்தால் சைகஸ் (பனை போலத் தோன்றும் பழைய செடியினம்) வகைச் செடிகளின் இலைத்தடம் கிடைக்கலாம். கடல் சிப்பி கிடைக்காது. கிடைத்தால் நீங்கள் ஏற்கெனவே எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

அடுத்து வருவதுதான் கடல். கிரிட்டேசியஸ் காலத்தில், அதாவது 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலத்தின் பிற்பகுதியில், இந்த நிலத்தின் விளிம்பில் கடல் ஏறி இறங்கியது. 1862-இல் புவியியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்ட் இப்படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அந்தப் பிரிவு இன்றும் நிற்கிறது. இவற்றைவிட இளைய நின்னியூர் தொகுதி பின்னர் தனியாகப் பிரிக்கப்பட்டது. கருங்கல்லும் கடற்படிவும் சந்திக்கும் எல்லையில் நைஸ் கூழாங்கற்கள் சிக்கிய உருள்கல் படிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பழைய நிலத்தின் மேல் கடல் ஏறிய இடம் அதுவே. அந்தக் கற்கள் இல்லாமல் பாறை நொறுங்கி, வழுவழுப்பான தேய்ந்த முகங்களோடு எல்லை நேராக ஓடினால் அங்கே பிளவுப்பெயர்ச்சி (பாறை பிளந்து ஒரு பக்கம் நகர்ந்த இடம்) இருக்கலாம். அவசரப்பட்டு எழுதாமல் கேள்விக்குறி போடுங்கள்.

காரையில் நேரம் செலவிடுங்கள்

ஊட்டத்தூர் தொகுதியின் காரைக் களிமண்ணுக்கு ஒரு முழு நாளை ஒதுக்கத் தகும். மரம் செடி இல்லாமல், ஓடை ஓடையாக அரித்துப்போன செம்பழுப்பு மேடுகள். தரையெங்கும் பளபளக்கும் சில்லுகளில் பெரும்பாலானவை ஜிப்சம். நகத்தால் கீறினால் கீறல் விழும், அமிலத்தில் நுரைக்காது. கால்சைட் நகத்துக்கு மசியாது, கத்திக்கு மசியும், அமிலத்தில் பொங்கும். குவார்ட்ஸ் கத்திக்கும் மசியாது. இந்த மூன்றையும் கண்ணால் பிரிக்க முயலாதீர்கள். மூன்று சோதனைகளும் சேர்ந்து அரை நிமிடம்கூட ஆகாது.

இங்கே சாய்வு அளக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. ஜிப்சம் நரம்புகள் களிமண்ணின் விரிசல்கள் வழியே ஓடுகின்றன. சில அடுக்கோடு போகும், பல குறுக்கே வெட்டும். கண்ணுக்கு எடுப்பாகத் தெரிவதால் அதன் மேலேயே சாய்வுமானியை வைத்துவிடுவார்கள், 40 பாகை என்று வரும். மணல் கலந்த மெல்லிய பட்டையையோ, பாஸ்பேட் உருண்டைகள் வரிசையாகக் கிடக்கும் மட்டத்தையோ பிடித்து அளந்தால்தான் அடுக்கின் உண்மையான சாய்வு கிடைக்கும்.

துப்பாக்கித் தோட்டா வடிவில் சிதறிக் கிடப்பவை பெலெம்னைட்டுகள், கணவாயின் பழைய உறவினங்களின் உள்ளெலும்பு. உடைந்த முகத்தில் மையத்திலிருந்து ஆரம் ஆரமாகக் கோடுகள் தெரியும், அமிலத்தில் நுரைக்கும். குச்சி என்று எறிந்துவிட வேண்டாம். சுருள் ஓடு கொண்ட பழைய கடலுயிரான அம்மோனைட்டின் துண்டுகளையும் பார்க்கலாம். மேட்டின் சரிவில் கிடப்பது மேலிருந்து உருண்டு வந்திருக்கும் என்பதால், கண்டெடுத்த மட்டத்தை அது பிறந்த மட்டமாக எழுதக் கூடாது. சரிவில் ஏறிக்கொண்டே போய், சில்லுகள் திடீரென்று நின்றுபோகும் உயரத்தைக் குறியுங்கள். அதற்குச் சற்றுக் கீழேதான் மூலம்.

சிப்பிக்கல்லும் கல்மரமும்

திருச்சிராப்பள்ளி தொகுதியில் மணற்கல்லும் சிப்பிச் சுண்ணாம்புக்கல்லும் மாறி மாறி வரும். கருடமங்கலத்துச் சிப்பிக்கல் மெருகேற்றினால் சிப்பிகள் வெள்ளையாகத் துலங்கும் அழகான கல். சாத்தனூரில் படுத்துக் கிடக்கும் 18 மீட்டர் கல்மரமும் இந்தத் தொகுதிக்குரியது. 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை வெளிக்கொண்டுவந்தார், இன்று தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். அதன் மேல் சுத்தியலும் அமிலமும் படவே கூடாது. பக்கத்து வயல்களில் கிடக்கும் சிறு துண்டுகளை லென்ஸில் பாருங்கள்: மர நார் தெரியும், ஆனால் கத்தி ஏறாது, அமிலத்தில் நுரைக்காது. மரம் சிலிக்காவாக மாறியதன் அடையாளம் அது.

அரியலூர் தொகுதியில் சில்லக்குடி மணற்கல், அதன் மேல் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல், பிறகு ஒட்டக்கோவில் மணற்கல், உச்சியில் கல்லமேடு என்று வரிசை. கல்லங்குறிச்சி அடுக்கைத் தவறவிட முடியாது. கிரைபியா என்னும் தடித்த ஓட்டுச் சிப்பிகள் நெருக்கிப் போட்டது போல நிறைந்திருக்கும். சிமெண்ட் ஆலைகள் தோண்டுவது இதைத்தான். சுரங்கத்தின் வெட்டுமுகம் மிகத் தெளிவாக இருக்கும். ஆனால் மேலாளரின் அனுமதியும் தலைக்கவசமும் இல்லாமல் நுழையக் கூடாது, வெடி வைக்கும் நேரத்தையும் முன்பே கேட்டு வைக்க வேண்டும். கல்லமேட்டில் ஆற்றுப் படிவுகள். டைனோசர் எலும்புகள் கிடைத்த இடம். எலும்பு போலத் தோன்றினால் எடுக்காமல் படம் பிடித்து, இருப்பிடத்தைக் குறித்து, புவியியல் ஆய்வுத் துறைக்குத் தெரிவியுங்கள். தோண்டி எடுத்த எலும்பு எந்த அடுக்கில் இருந்தது என்பது தெரியாமல் போனால் அதன் மதிப்பு பெருமளவு போய்விடும்.

சாய்வை அளப்பதும் கனத்தைக் கணக்கிடுவதும்

அரியலூர்ப் பக்கம் சாய்வு சில பாகைகள்தான், அதனால் சிறு தவறும் பெரிதாகிவிடும். நோட்டு அட்டையை அடுக்கின் மேல் வைத்து அதன் மேல் சாய்வுமானியை வையுங்கள், மேடுபள்ளம் சமமாகும். ஐந்து இடங்களில் அளந்து நடு மதிப்பை எடுங்கள். சுத்தியலை ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள், காந்தம் வைத்த கைபேசி உறையும் ஊசியை இழுக்கும்.

சமநிலத்தில் ஒரு பட்டை, சாயும் திசையில் 2 கி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலத்தைச் சாய்வின் சைன் மதிப்பால் பெருக்கினால் கனம். சாய்வு 3 பாகை என்றால் சுமார் 105 மீட்டர், 5 பாகை என்றால் 174 மீட்டர். இரண்டு பாகைத் தவறுக்கு விலை 70 மீட்டர் பாறை.

சுவரில் பார்க்கும் சாய்வு பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். சுவர் சாய்வுத் திசையிலிருந்து 60 பாகை விலகியிருந்தால் 10 பாகைச் சாய்வு 5 பாகையாகத் தெரியும். கிணறு வட்டமாக இருப்பதால், சுற்றிலும் பார்த்து ஒரே அடுக்கு எந்தப் பக்கம் மிகத் தாழ்ந்து, எதிர்ப்பக்கம் மிக உயர்ந்து நிற்கிறது என்று கண்டுபிடித்தால் உண்மையான திசை கிடைத்துவிடும்.

கோடு போடும்போது

கண்ணால் பார்த்த எல்லைக்கு முழுக்கோடு, ஊகித்ததற்கு இடைவெட்டுக்கோடு, வண்டலுக்குள் மறைந்ததற்குப் புள்ளிக்கோடு. ஜெயங்கொண்டம் பக்கம் சிவந்த கடலூர் மணற்கல் பழைய அடுக்குகளின் மேல் படர்ந்து மூடுகிறது. தெற்கே கொள்ளிட வண்டல் எல்லாவற்றையும் மூடுகிறது. அங்கே ஆழ்துளைக் கிணற்றுத் தூள் ஒன்றுதான் தடயம். துளையிடும்போதே மூன்று மீட்டருக்கு ஒரு கைப்பிடி எடுத்து, தனித்தனிப் பையில் ஆழத்தை எழுதி வைக்கச் சொல்லுங்கள். அது கிடைக்காத வயல்களில் புள்ளிக்கோடு புள்ளிக்கோடாகவே இருக்கட்டும்.