விட்டுவிட்டு நின்றுபோகும் வீட்டுச் சர்வர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்லடம் பக்கத்து விசைத்தறி ஊர் ஒன்றில், வீட்டு மாடி அறையில், ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினியில் சிறிய வலைச் சர்வர் ஒன்றை நடத்தி வருகிறேன். பெரியப்பாவின் கூலித் தறிக் கூடத்துக்கு வந்த பாவுநூல் எவ்வளவு, நெய்து கொடுத்த துணி எத்தனை மீட்டர் என்ற கணக்கு அதில் இருக்கிறது. நூல் கொடுத்தவர்கள் திருப்பூரிலும் சோமனூரிலும் இருந்தபடியே அதைப் பார்க்கிறார்கள். அடியோடு நின்றுபோன சர்வரைச் சரிசெய்வது எளிது. பத்து நிமிடம் நின்றுவிட்டு, நாம் மாடியேறிப் பார்ப்பதற்குள் ஒன்றும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்தான் ஆளை வாட்டும்.

தளம் திறக்கவில்லை என்று போன் வந்தவுடன் ரூட்டரையும் சர்வரையும் அணைத்துப் போடுவதுதான் பெரிய தவறு. மற்ற தவறுகளில் பாதி இதன் பின்னாலேயே வருகின்றன. பெரும்பாலான வீட்டு ரூட்டர்கள் எப்போது என்ன நடந்தது என்ற தங்கள் பதிவுகளைத் தற்காலிக நினைவகத்தில்தான் வைத்திருக்கும். அணைத்தால் அவை அழிந்துவிடும். சர்வரின் பதிவுகளும் நிலையாகச் சேமிக்கும்படி அமைக்கப்படாதிருந்தால் அதே கதிதான். ஆகவே எதையும் தொடுமுன் மணி என்ன, இணையக் கம்பி வந்து சேரும் ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா, ரூட்டர் பெற்றிருக்கும் வெளி ஐபி முகவரி (இணையத்தில் நம் வீட்டைக் குறிக்கும் எண்) எது, கைப்பேசி டேட்டாவில் தளம் திறக்கிறதா என்ற நான்கையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். காலை ஏழு மணியை ஒட்டி எங்கள் தளம் அடிக்கடி நின்றது. சர்வர் சிறு யூபிஎஸ்ஸில் இருந்ததால் 23 நாளாக அணையாமல் ஓடுவதாகக் காட்டியது. பதிவிலும் ஒரு பிழைகூட இல்லை. அப்படியும் சர்வரையே சந்தேகித்து மெமரி கார்டை மாற்றினேன், வலைச் சர்வர் மென்பொருளின் அமைப்புகளைத் திருத்தினேன், எதுவும் பயன்படவில்லை. மூன்று வாரம் நேரத்தைக் குறித்த பிறகுதான், தெருவிலுள்ள தறிகள் ஒருசேர ஓடத் தொடங்கும் வேளையும் இதுவும் ஒத்துப்போவது தெரிந்தது. மறுநாள் ரூட்டருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். விளக்கு ஒருமுறை மங்கியது, இன்வெர்ட்டர் ‘டக்’கென்று பேட்டரிக்கு மாறியது, அந்த இமைப்பொழுதில் ரூட்டரின் விளக்குகள் எல்லாம் அணைந்து மறுபடி எரிந்தன. அது எழுந்து இணைப்புப் பெற மூன்று நிமிடம் ஆனது. பெற்றதோ புதிய ஐபி முகவரி. தளத்தின் டொமைன் பெயரைப் புது முகவரிக்கு மாற்றும் நிரல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஓடியது. அதன்மேல், டிஎன்எஸ் பதிவின் ஆயுளை, அதாவது பெயருக்குரிய முகவரியை மற்றவர்கள் பக்கம் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 3600 நொடி என்று நானே வைத்திருந்தேன். இதனால் சிலருக்குப் பத்து நிமிடத்தில் தளம் திறந்தது; பழைய முகவரியை நினைவில் வைத்திருந்தவர்களுக்கு ஒரு மணி நேரம் திறக்கவில்லை. அரை நொடி கூட இல்லாத மின் இடைவெளி, ஒரு மணி நேரத் தடையாக நீண்ட விதம் இதுதான்.

ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் தனியாக 12 வோல்ட் மினி யூபிஎஸ் வைத்து, டிஎன்எஸ் ஆயுளை 300 நொடியாகக் குறைத்தேன். சர்வருக்கு மட்டும் மின்காப்பு கொடுத்துவிட்டு, அதை வெளியுலகோடு இணைக்கும் பெட்டிகளை மறந்துவிடும் தவறை நம் பக்கத்து வீடுகள் பலவற்றில் பார்க்கிறேன். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளிலோ வீட்டில் எத்தனை பேட்டரி இருந்தாலும் போதாது. தெருமுனைக் கம்பத்தில் இணைய நிறுவனம் வைத்திருக்கும் பெட்டியின் பேட்டரி தீர்ந்தால் இணைப்பு போய்விடும். அன்றைய தடைக்காகச் சர்வரைக் குடைய வேண்டாம்.

நேரத்தைக் குறிக்கும்போது ஒரு கவனம் வேண்டும். பல சர்வர்கள் உலகப் பொது நேரத்திலேயே பதிவு எழுதுகின்றன. நம் காலை 7:05 அதில் 1:35 என்று இருக்கும். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிப் பார்க்காவிட்டால் இரவில் நடந்த வேறு எதையோ காரணம் என்று பிடித்துக்கொள்வோம். ராஸ்பெர்ரி பை 4-இல் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது; மின்தடைக்குப் பின் இணையம் கிடைத்து நேரம் சரியாகும்வரை அது எழுதும் மணியை நம்பக்கூடாது.

வீட்டு வைஃபையில் இருந்தபடியே தளத்தைத் திறந்து பார்த்து முடிவுக்கு வருவதும் தவறு. சில ரூட்டர்கள் உள்ளிருந்து தம் வெளி முகவரிக்குச் செல்ல விடுவதில்லை. வேறு சில உள்ளேயே திருப்பிவிடுகின்றன. முதல்வகையில் ஓடும் தளம் நின்றதாகவும், இரண்டாம்வகையில் வெளியே நின்ற தளம் ஓடுவதாகவும் தோன்றும். கண்காணிப்பு வெளியிலிருந்துதான் நடக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சோதித்தால் இரண்டு நிமிடத் தடை கண்ணில் படாமலே போகலாம்.

மறு இணைப்புக்குப் பின் ரூட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், பல வீடுகளுக்குப் பொதுவான ஒரே முகவரிக்குப் பின்னால் உங்களை வைத்துவிட்டார்கள் என்று பொருள். வெளியிலிருந்து வருவோரைச் சர்வருக்கு அனுப்பும் ரூட்டர் அமைப்பான போர்ட் ஃபார்வார்டிங்கை எத்தனை முறை மாற்றினாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. நிலையான ஐபி கேட்டு வாங்க வேண்டும், இல்லையேல் வெளியிலுள்ள வேறொரு சர்வர் வழியாகத் தளத்தைக் காட்டும் டனல் சேவையை நாட வேண்டும்.

எங்கள் பக்கம் நோம்பிக்கு ஒரம்பரை வந்து வீடு நிறைந்திருக்கும் நாளில் மட்டும் தளம் தடுமாறினால், வந்தவர்களின் போன்களைப் பாருங்கள். வீட்டுக் கருவிகளுக்கு ரூட்டர் தானாகப் பங்கிடும் முகவரி எண்களுக்குள்ளேயே சர்வருக்கு ஒரு முகவரியைக் கையால் எழுதி வைத்திருந்தால், அதே எண் ஒரு விருந்தினரின் போனுக்கும் போகலாம். இரண்டும் மோதும்போது தளம் வந்து வந்து போகும். ரூட்டரிலேயே அந்த எண்ணைச் சர்வருக்கு ஒதுக்கிவிட்டால் தீர்ந்தது. கருவிக்கு மெல்லிய போன் கேபிளில் மின்சாரம் கொடுப்பதும் வேண்டாம்; ராஸ்பெர்ரி பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் தேவை. மின்னழுத்தம் குறைந்தால் திரையில் மின்னல் குறி வரும், ஆனால் திரையே இல்லாத சர்வரில் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதும் பதிவைத்தான் தேட வேண்டும்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது, கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் ஃபைபர் ஆடி வளைந்து ஒளி குறையும். ஃபைபர் பெட்டியின் அமைப்புப் பக்கத்தை உலாவியில் திறந்து அந்த ஒளி அளவைப் பார்க்கலாம். காற்றில்லாத காலையில் ஒருமுறை, காற்று வீசும் பிற்பகலில் ஒருமுறை குறித்து வையுங்கள்; காற்று வீசும்போது மட்டும் அளவு மைனஸ் 27 டிபிஎம்மை (ஒளியின் வலிமையைக் குறிக்கும் அலகு) நெருங்கினால் கோளாறு பெரும்பாலும் உங்கள் வீட்டில் இல்லை. “நெட் சரியில்லைங்க” என்று மட்டும் சொன்னால், இணைப்பு நன்றாக இருக்கும் வேளையில் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார். தேதி, மணி, ஒளி அளவு எழுதிய தாளைக் காட்டி, காற்றடிக்கும் பிற்பகலிலேயே வரச் சொல்லுங்கள்.