எஸ்பிஎஃப் 50 பூசியும் முகம் கறுப்பது ஏன்?

சன்ஸ்கிரீன் குழாயில் அச்சிட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண், வெயிலில் தோல் வெந்து சிவப்பதை அது எவ்வளவு தடுக்கும் என்பதற்கு ஆய்வகத்தில் எடுத்த அளவு. ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசித்தான் அதைக் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலோர் வீட்டில் பூசுவதோ அதில் கால் பங்கு, மிஞ்சினால் பாதி. பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க இழுத்துத் தேய்த்தால் 50க்கு உரிய காப்பு கிடைக்கவே கிடைக்காது. "எண்தான் பெரிதாயிற்றே, கொஞ்சம் போட்டால் போதும்" என்ற நினைப்புதான் மற்ற எல்லாத் தவறுகளையும்விட அதிகம் கெடுக்கிறது.

சரி, எவ்வளவு வேண்டும்? ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் மேலும் அடியிலிருந்து நுனிவரை கிரீமைக் கோடாகப் பிதுக்குங்கள். முகம், காது, கழுத்து மூன்றுக்கும் அவ்வளவு தேவை. கரண்டிக் கணக்கில் ஏறக்குறைய அரைத் தேக்கரண்டி. மொத்தத்தையும் ஒரேயடியாக அப்பினால் வழுக்கும், திட்டுத் திட்டாக வெள்ளை தெரியும். அதனால் முதலில் ஒரு விரல் அளவை நெற்றி, கன்னம், மூக்கு, தாடை, கழுத்து என்று புள்ளி வைத்துப் பரப்புங்கள். ஓரிரு நிமிடம் விட்டு அடுத்த விரல் அளவைப் பூசுங்கள். மறையும்வரை தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டாம். தோலின் மேல் சீரான படலமாக நின்றால்தான் அது வேலை செய்யும்.

மூக்கின் ஓரம், கண்ணிமை, காது மடல், முடி தொடங்கும் இடம், பின்கழுத்து ஆகியவை எளிதில் விட்டுப்போகும். உதட்டுக்கு எஸ்பிஎஃப் உள்ள லிப் பாம். கண் எரிந்தால் அதைச் சுற்றி மட்டும் துத்தநாக ஆக்ஸைடு கலந்த ஸ்டிக் போட்டுக்கொள்ளலாம்.

முகம் கழுவி, மாய்ஸ்சரைசர் பூசி, அது தோலில் இறங்கிய பிறகு சன்ஸ்கிரீன். மேக்கப் அதற்கும் மேலே. வெயிலில் இறங்க 15 நிமிடம் முன்பே பூசிவிடுங்கள். பூசும்போது திரித் திரியாக உருண்டு வந்தால், கீழே உள்ள பூச்சு காயவில்லை அல்லது நீங்கள் அதிகம் தேய்க்கிறீர்கள் என்று பொருள்.

நேரம் மிச்சம் என்று பவுண்டேஷனோடு கலந்து பூசுவது கூடாது. கலந்தால் சன்ஸ்கிரீன் நீர்த்துப்போகும், படலமும் சீராக அமையாது. எஸ்பிஎஃப் 30 கிரீமின் மேல் 15 உள்ள பவுண்டேஷன் போட்டால் 45 ஆகிவிடாது. இந்த எண்களைக் கூட்ட முடியாது.

எண்ணைப் பற்றி இன்னொன்று. சரியான அளவில் பூசினால் எஸ்பிஎஃப் 15, வெயிலின் புற ஊதாக் கதிர்களில் தோலைச் சுடும் வகையான யுவிபியில் சுமார் 93 சதவீதத்தையும், 30 சுமார் 97 சதவீதத்தையும், 50 சுமார் 98 சதவீதத்தையும் தடுக்கும். எண் இரட்டித்தால் காப்பு இரட்டிப்பதில்லை. அதற்காக 50 வீண் என்றும் சொல்ல மாட்டோம். குறைவாகப் பூசுகிறவர்களுக்கு அது கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் பெரிய எண் அதிக நேரம் தாங்கும் என்பது தவறு. வெளியில் இருந்தால் 30 ஆனாலும் 50 ஆனாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். வியர்த்தாலோ துண்டால் துடைத்தாலோ அதற்கு முன்பே. 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்றால் நீரில் 40 அல்லது 80 நிமிடம் தாங்கும் என்றுதான் அர்த்தம். எதுவும் முழுக்க நீர்புகாதது அல்ல என்பதால்தான் 'வாட்டர்புரூஃப்' என்று அச்சிட அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2011 விதிகளில் தடை விதித்தது.

எஸ்பிஎஃப் பெரும்பாலும் யுவிபி பற்றியே பேசுகிறது. புற ஊதாவின் இன்னொரு வகையான யுவிஏ மேகத்தையும் சாதாரண ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வந்து கருமையையும் சுருக்கத்தையும் உண்டாக்கும். எனவே இரண்டையும் தடுக்கும் என்று பொருள்படும் 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்ற சொல்லோ, யுவிஏ காப்பைக் காட்டும் பிஏ+++ அல்லது அதற்கு மேலான குறியீடோ இருக்கிறதா என்று பாருங்கள். நாள் முழுதும் ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கும் இது வேண்டும்.

கறுப்புத் தோலுக்கு சன்ஸ்கிரீன் தேவையில்லை என்பது பாதி உண்மை. தோலுக்கு நிறம் தரும் மெலனின் அதிகம் இருப்பதால் சட்டென்று வெந்து சிவக்காது. ஆனால் மங்கு எனப்படும் கருந்திட்டும், பரு போன இடத்துக் கரும்புள்ளியும் அதே தோலில்தான் அழுத்தமாகப் படியும். புற ஊதா மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியாலும் இந்த மங்கு கூடும். வெள்ளைக் கிரீம்கள் அந்த ஒளியைச் சரியாகத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்ஸைடு சேர்த்த, நிறம் உள்ள 'டின்டட்' வகையே இவர்களுக்கு நல்லது. முகத்தில் வெள்ளை பூத்துத் தெரியும் தொல்லையும் அதில் குறைவு.

மேக்கப்பின் மேல் மறுபடி பூச ஸ்டிக் வசதியானது. ஒவ்வொரு இடத்திலும் மூன்று நான்கு முறை இழுங்கள். பவுடரை மட்டும் நம்ப வேண்டாம், அதில் போதுமான அளவு படியாது. ஸ்பிரேயை நேராக முகத்தில் அடிக்காமல் உள்ளங்கையில் அடித்துப் பூசுங்கள்.

இரவில் கழுவாமல் படுத்தால் சிலருக்குத் துளைகள் அடைத்துப் பரு வரும். நீர் தாங்கும் வகை வெறும் தண்ணீருக்குப் போகாது. எண்ணெய் சார்ந்த கிளென்சரால் துடைத்தெடுத்து, பிறகு வழக்கமான ஃபேஸ்வாஷால் கழுவுங்கள்.