அசுவானிலிருந்து அபு சிம்பெல்: இரண்டு மணி நேரத்தை வீணாக்காமல் பார்ப்பது எப்படி

எகிப்தின் தென்கோடியில், சூடான் எல்லைக்கு அருகே நாசர் ஏரிக்கரையில் இருக்கும் அபு சிம்பெல் குடைவரைக் கோயில்களை வழிகாட்டியுடன் பார்த்துத் திரும்ப, அசுவான் நகரிலிருந்து ஒரு நாள் போதும். ஆனால் போகவர ஏறக்குறைய ஏழு மணி நேரம் பாலைவனச் சாலையிலேயே கழிந்துவிடுவதால், கோயில்களின் முன் நிற்கக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு மணி நேரமே. விமானத்தில் போனால் முக்கால் மணி நேரத்தில் சென்றுவிடலாம், செலவுதான் கூடும்.

வண்டிகள் வழக்கமாக அதிகாலை நான்கு மணியளவில் புறப்படும். காலைச் சிற்றுண்டியைப் பொட்டலமாகத் தரும்படி விடுதியில் முந்தைய இரவே சொல்லிவைக்க வேண்டும். வழியில் சோதனைச் சாவடிகள் உண்டென்பதால் கடவுச்சீட்டைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். கழிப்பறைக்கும் தேநீருக்கும் சில்லறை நோட்டுகள் தேவைப்படும். கோடையில் வெயில் 40 பாகையைத் தாண்டும், குளிர்காலத்திலோ விடியலில் சால்வை இல்லாமல் இருக்க முடியாது. குளிர்காலத்தில் போகிறவர்கள் இடப்பக்க இருக்கையைக் கேட்டு வாங்கினால் பாலைவனத்தில் சூரியன் எழுவதைப் பார்க்கலாம்.

கோயில்களுக்குள் வழிகாட்டிகள் நின்று விளக்க அனுமதி இல்லை. அவர்கள் சொல்வதெல்லாம் வெளியிலேயே முடிந்துவிடும். இதை அறியாமல் போகிறவர்கள், உள்ளே சுவர் நிறையச் சிற்பங்கள் இருந்தும் எது எது என்று தெரியாமல் வெளியே வருகிறார்கள். ஆகவே வண்டியிலேயே, குழு விழித்துக்கொண்ட பிறகு, அரசன் இரண்டாம் ராம்சேஸ் நடத்திய காதேஷ் போரைப் பற்றியும் கருவறையில் அமர்ந்திருக்கும் நால்வரைப் பற்றியும் வழிகாட்டியிடம் கேட்டுவிடுங்கள்.

வந்திறங்கும் கூட்டம் முழுவதும் முதலில் பெரிய கோயிலுக்குள்தான் நுழையும். அந்த நேரத்தில் நீங்கள் ராம்சேஸின் அரசி நெஃபெர்தாரிக்கும் ஹாத்தோர் தேவிக்கும் எடுக்கப்பட்ட சிறிய கோயிலுக்குப் போவதே நல்லது. அதன் முகப்பில் சுமார் 10 மீட்டர் உயரத்தில் ஆறு சிலைகள் நிற்கின்றன. நான்கு அரசனுடையவை, இரண்டு அரசியுடையவை. பொதுவாக அரசனின் முழங்கால் உயரத்துக்கே அரசியைச் செதுக்கிய எகிப்தியச் சிற்ப மரபில், இங்கே இருவரும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பது அரிது.

பிறகு பெரிய கோயில். கி.மு. 13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராம்சேஸ் குடைவித்த இக்கோயிலின் முகப்பு கிழக்கு நோக்கியது என்பதால், ஏறக்குறைய 20 மீட்டர் உயரமுள்ள நான்கு அமர்ந்த சிலைகள் மீதும் காலை வெயில் நேராக விழும். படம் எடுக்க அதுவே தக்க நேரம். இடப்பக்கத்திலிருந்து இரண்டாவது சிலையின் மேற்பாதி பழங்காலத்திலேயே நிலநடுக்கத்தில் உடைந்து, அதன் காலடியிலேயே கிடக்கிறது. தெற்குப் பக்கச் சிலை ஒன்றின் காலில், கி.மு. 6ஆம் நூற்றாண்டில் இவ்வழியே சென்ற கிரேக்கக் கூலிப்படையினர் செதுக்கிய எழுத்துகளைக் காட்டும்படி கேளுங்கள். சுற்றுலாத்தலத்தில் பெயர் எழுதும் பழக்கம் நேற்று வந்ததல்ல!

உள்ளே சென்றதும் மறுமைத் தெய்வமான ஒசைரிஸின் கோலத்தில் எட்டுத் தூண் சிலைகள் இருபுறமும் நிற்கும். வலப்பக்கச் சுவரை நிதானமாகப் பாருங்கள்: கி.மு. 1274 அளவில் இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட்டுகளுடன் நடந்த காதேஷ் போர் அச்சுவர் முழுவதும் பரவியிருக்கிறது. போரின் முடிவு ஏறக்குறைய சமநிலைதான் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதினாலும், சுவரில் அரசன் தனியொருவனாகவே வென்றுவிடுகிறான். கருவறையில் இடமிருந்து வலமாக ப்தா, அமுன்-ரா, தெய்வமாக்கப்பட்ட ராம்சேஸ், ரா-ஹொராக்தி ஆகியோர் அமர்ந்திருக்கின்றனர். பிப்ரவரி 22, அக்டோபர் 22 ஆகிய நாள்களில் உதயசூரியனின் ஒளி சுமார் 60 மீட்டர் உள்ளே வந்து மூவர் மீது விழும். இருளோடு தொடர்புடைய ப்தா நிழலிலேயே இருப்பார். அந்த நாள்களில் நெரிசல் மிகுதி என்பதால், சிற்பங்களைப் பார்ப்பதே நோக்கமென்றால் வேறு தேதியைத் தேர்ந்தெடுங்கள்.

புறப்படுமுன் சுவரிலும் சிலைகளிலும் மெல்லிய இணைப்புக் கோடுகளைத் தேடிப் பாருங்கள். அசுவான் உயர் அணையின் நீரில் மூழ்காதிருக்க, 1964 முதல் 1968 வரை யுனெஸ்கோ முயற்சியில் இக்கோயில்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக அறுக்கப்பட்டு, முன்பிருந்த இடத்தைவிட 65 மீட்டர் உயரத்தில், ஆற்றிலிருந்து 200 மீட்டர் பின்னால் மீண்டும் பொருத்தப்பட்டன. பின்னே தெரியும் குன்றும் மனிதர் எழுப்பியதே.

பிற்பகல் ஒன்று அல்லது இரண்டு மணிக்கு அசுவான் திரும்பிவிடலாம். அசுவான் அருகே தீவில் உள்ள ஃபிலே கோயிலையும் அன்றே சேர்த்துக்கொள்ளும்படி சில முகவர்கள் சொல்வார்கள். நான்கு மணிக்கு எழுந்த கண்களோடு அதைப் பார்ப்பதைவிட மறுநாள் காலை படகேறிப் போவதே மேல்.