போர்ப் பகுதிக் கிராமங்களில் சூரிய மின்சாரம் அமைப்பது எப்படி?

போர் நடக்கும் பகுதியில் உள்ள ஒரு கிராமத்துக்கு மின்சாரம் கொண்டுசெல்ல நினைப்பவர்கள், வெயில் எவ்வளவு கிடைக்கும், எத்தனை கிலோவாட் வேண்டும் என்ற இடத்திலிருந்துதான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். அந்தக் கணக்கு எளிது. எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அதற்கு முன் விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கருவிகளைப் பொருத்திவிட்டு வந்த மறுவாரமே சாலை அடைபட்டு, ஆறு மாதம் வெளியாள் எவரும் ஊருக்குள் போக முடியாத நிலை வந்தால், இந்த அமைப்பு ஓடிக்கொண்டிருக்குமா? கருவியின் தேர்வு, அளவு, நிர்வாகம், கட்டணம் ஆகிய எல்லாவற்றையும் இந்தக் கேள்வியை வைத்தே முடிவுசெய்ய வேண்டும்.

இந்த நோக்கில் யேமன் நாட்டின் அனுபவம் கவனிக்கத்தக்கது. 2015-இல் போர் தீவிரமடைந்து, மின்கட்டமைப்பு குலைந்து, டீசலும் கிடைக்காமல் போனபோது, மக்கள் தங்கள் சொந்தப் பணத்தில் கடைத்தெருவில் பேனல்களை வாங்கிக் கூரைகளில் ஏற்றினார்கள். ஆகவே, அருகிலுள்ள சந்தை ஊரில் என்ன பேட்டரி விற்கிறது, எந்த வகை இன்வெர்ட்டரைப் பழுதுபார்க்கத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறார் என்று பார்த்துவருவதே முதல் வேலை. அங்கே கிடைக்கும் உதிரிப் பாகங்களோடு பொருந்தாத உயர்தர அமைப்பு, முதல் ஃபியூஸ் எரிந்த அன்றே நின்றுபோகும். வீடுதோறும் இலவசமாக வழங்குவதிலும் எச்சரிக்கை தேவை. இலவசப் பொருள் குவிந்தால் கடைக்காரர் கடையை மூடிவிடுவார். அடுத்த ஆண்டு பழுதுபார்க்க ஆள் இருக்காது.

ஊருக்குள் நுழைவதற்கு முன்

கிராமம் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அங்கே செல்லும் சாலை யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். ஒரு தரப்பின் அனுமதிக் கடிதமே அடுத்த சோதனைச் சாவடியில் ஆபத்தாக முடியலாம் என்பதால், பொருள் எந்த வழியாக வருகிறதோ அந்த வழி முழுவதிலும் உள்ள தரப்புகளுக்கு, ஊர்ப் பெரியவர்கள் மூலமாக முன்கூட்டியே ஒரே செய்தியைச் சொல்லிவைக்க வேண்டும். ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு விதமாகப் பேசுவது நிச்சயம் வெளியே தெரிந்துவிடும்.

ஆய்வுக்குப் போகும்போது ட்ரோன், ஜிபிஎஸ் கருவி, செயற்கைக்கோள் தொலைபேசி ஆகியவற்றைக் கேட்காமல் எடுத்துச் செல்லக் கூடாது. இவை உளவுக் கருவிகளாகவே பார்க்கப்படும். தொலைவிலிருந்து கண்காணிக்கும் மோடத்தை இன்வெர்ட்டரில் பொருத்துவதற்கும் இது பொருந்தும். பயனாளிகளின் பெயர்ப் பட்டியலில் தேவைக்கு மேல் எதையும் எழுதாதீர்கள். எந்த வீட்டில் ஆண்கள் இல்லை, எந்தக் குடும்பம் எங்கிருந்து இடம்பெயர்ந்து வந்தது என்ற குறிப்புகள் தவறான கைக்குப் போனால் உயிருக்கே உலை வைக்கும்.

நிலத்தில் பேனல் நிறுத்துவதாக இருந்தால், கண்ணிவெடி அகற்றும் பிரிவு அந்த இடத்தைச் சோதித்துச் சான்றளிக்கும்வரை ஒரு குழிகூடத் தோண்டக் கூடாது. பள்ளி, மருத்துவமனைக் கூரைகளைப் பலரும் தேர்ந்தெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆயுதக் குழுக்கள் ‘வரி’ கேட்பது இன்னொரு சிக்கல். தடைப்பட்டியலில் உள்ள குழுவுக்கு அதைக் கட்டினால் சட்ட மீறலாகிவிடலாம். ஐ.நா. பாதுகாப்புச் சபை 2022 டிசம்பரில் நிறைவேற்றிய 2664-ஆம் தீர்மானம், சொத்து முடக்கத் தடைகளிலிருந்து மனிதாபிமான உதவிக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் அது ஐ.நா.வின் தடைகளைப் பற்றியது. தனித்தனி நாடுகள் விதித்துள்ள தடைகளும் நன்கொடையாளரின் நிபந்தனைகளும் வேறாக இருக்கக்கூடும். ஒப்பந்தம் போடும் முன்பே சட்ட ஆலோசனை பெறுவது நல்லது.

எதற்கு, எந்த அளவில்

மருத்துவ நிலையம், குடிநீர், அதன்பின் வீடுகள் என்ற வரிசையை மாற்ற வலுவான காரணம் வேண்டும். ஒரு சிறிய மருத்துவ நிலையத்தின் விளக்குகள், கைப்பேசி, சில கருவிகள் ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு 1.5 கிலோவாட்-மணி தேவை என்று வைத்துக்கொள்வோம். முழு வெயிலுக்கு ஈடாக 5 மணி நேரம் கிடைத்து, வெப்பம், தூசி, கம்பி ஆகியவற்றால் 30 சதவீதம் இழப்பானால், சுமார் 430 வாட் பேனல் போதும். இரண்டு நாள் வெயில் இல்லாமல் சமாளிக்க, சேமித்த மின்சாரத்தில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாத ஈய-அமில பேட்டரியில் 6 கிலோவாட்-மணி கொள்ளளவு வேண்டும். 80 சதவீதம்வரை பயன்படுத்தக்கூடிய லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 3.75 போதும். திரும்பிப் போவது உறுதியில்லாத ஊருக்கு நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். அதற்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்ற வேண்டியதில்லை, சோதனைச் சாவடியில் அமிலம் என்று சொல்லிப் பிடித்துவைக்கவும் மாட்டார்கள். ஆனால் கடுங்குளிர் மலைப்பகுதியில் அது ஒத்துவராது. உறைநிலைக்குக் கீழே மின்னேற்றினால் அந்த பேட்டரி கெட்டுவிடும். ஈய-அமில பேட்டரிதான் கிடைக்கும் என்றால், நிழலும் காற்றோட்டமும் உள்ள அறையில் வையுங்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும்.

தடுப்பூசிக் குளிர்பெட்டியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பேட்டரியே இல்லாமல், பேனலிலிருந்து நேரடியாக ஓடி, உள்சுவரில் பனிக்கட்டியாகக் குளிரைச் சேமித்துக்கொள்ளும் வகை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி பெற்றவை, கடும் வெப்பத்திலும் வெயில் இல்லாமல் மூன்று நாள் தாங்க வேண்டும் என்பது விதி. அதன் பேனல் கம்பியில் யாராவது கைப்பேசி சார்ஜரை இணைத்தால் இந்தத் தாங்குதிறன் குறைந்துவிடும். ஆகவே கைப்பேசிக்கென்று தனியாக ஒரு சிறிய பேனல் வைத்துவிடுவது மலிவான தீர்வு.

குடிநீருக்கும் பேட்டரி வேண்டாம். பகலில் மோட்டார் ஓடி, மேல்நிலைத் தொட்டி நிரம்பினால் போதும். எரிபொருள் செலவில்லாத மோட்டாரை நிறுத்த எவருக்கும் மனம் வராது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் பகுதியில் பாலைவன விளைநிலங்களுக்குச் சூரிய மோட்டார்கள் பெருகியபின் நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போனது. கிணறு ஊறும் வேகத்துக்குக் குறைவான திறனுள்ள மோட்டாரையே பொருத்த வேண்டும்.

ஊர் முழுவதற்கும் ஒரே நிலையம் அமைப்பது காகிதத்தில் மலிவாகத் தெரியும். ஒரு குண்டு விழுந்தால் எல்லாம் போய்விடும் என்பது அந்தக் காகிதத்தில் இராது. மூன்று நான்கு சிறு அமைப்புகளாகப் பிரித்தால், ஒன்று போனாலும் மற்றவை ஓடும். அடிக்கடி இடம்பெயரும் மக்களுக்கு, கையோடு எடுத்துச் செல்லத்தக்க வீட்டுக் கருவியே பொருத்தமானது. மலை ஓடைகள் உள்ள இடத்தில் சிறு நீர்மின் நிலையம் நல்ல தேர்வு. காற்றாலைக் கோபுரம் காவல் கோபுரமாகத் தோன்றும் என்பதால் பொதுவாகத் தவிர்ப்பதே மேல்.

பாதுகாப்பும் நிர்வாகமும்

குடிநீர் நிலையங்களைத் தாக்குவதை ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977-ஆம் ஆண்டின் கூடுதல் நெறிமுறைகள் தடைசெய்கின்றன. அந்தப் பாதுகாப்பு நிலைக்க வேண்டுமானால், அங்கிருந்து படையினரின் முகாமுக்குக் கம்பி இழுக்கப்படக் கூடாது. துப்பாக்கியோடு வந்து கைப்பேசிக்கு மின்னேற்றித் தரச் சொல்பவர்களிடம் என்ன சொல்வது என்பது நடைமுறையில் இதைவிடக் கடினம். கருவியைக் கவனிப்பவர் தனியாக நின்று மறுக்க வேண்டிய நிலையை உண்டாக்காதீர்கள். மின்னேற்றும் இடத்தை மருத்துவ நிலையத்துக்கு வெளியே, சந்தையில் வைத்து, ஊர்க் குழுவின் விதியாக முன்பே அறிவித்துவிடுங்கள்.

தெருவிளக்கு பெண்களுக்குப் பாதுகாப்பு தரும். அதே வெளிச்சம் குண்டு வீசுபவனுக்குக் குறியாகவும் ஆகும். வெளி விளக்குகள் அனைத்தையும் ஒரே நொடியில் அணைக்கத் தனிச் சுவிட்ச் கட்டாயம் வேண்டும்.

யேமனின் அப்ஸ் பகுதியில், போர்முனைக்கு அருகே, பத்துப் பெண்கள் நடத்திய ஒரு சிறு மின்நிலையம் அண்டை வீட்டாருக்கு மின்சாரம் விற்றது. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஆதரவில் அமைந்த இந்த முயற்சிக்கு 2020-இல், தூய ஆற்றல் முயற்சிகளுக்கு வழங்கப்படும் ஆஷ்டன் விருது கிடைத்தது. ஆண்கள் போருக்கோ பிழைப்புக்கோ போய்விடும் ஊர்களில் பெண்களுக்குப் பயிற்சி தருவது நடைமுறை அறிவு. எப்படியானாலும் ஒருவரை மட்டும் பயிற்றுவித்துவிட்டு வராதீர்கள். அவர் குடும்பம் நாளைக்கே வேறு ஊருக்குப் போய்விடலாம்.

கட்டணம் வாங்கியே ஆக வேண்டும், மாற்று பேட்டரிக்கான பணம் அதிலிருந்துதான் சேரும். தவணை கட்டினால் கைப்பேசியில் குறியீட்டு எண் வந்து கருவியைத் திறக்கும் முறை வசதியானது. ஆனால் போரில் கைப்பேசி இணைப்பு எளிதில் துண்டிக்கப்பட்டுவிடும். பணம் கட்டிய வீடும் இருளில் கிடக்காமல் இருக்க, குறைந்தது மூன்று மாதம் பூட்டாமல் ஓடும்படி கருவியை அமைத்துத் தர விற்பனையாளரிடம் எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

ஆறு மாதத்துக்கான ஃபியூஸ், இணைப்பிகள், பேட்டரி மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு கூடுதல் சார்ஜ் கன்ட்ரோலர் ஆகியவற்றை ஊரிலேயே இரண்டு வெவ்வேறு வீடுகளில் பிரித்து வைக்க வேண்டும். தேய்ந்த ஈய-அமில பேட்டரிகளை வீட்டு முற்றத்தில் உருக்க விடக் கூடாது. செனகலின் தலைநகரை ஒட்டிய தியாரோயில் 2007-08-இல் இப்படிப்பட்ட வேலையால் மண்ணில் கலந்த ஈயம் 18 குழந்தைகளைக் கொன்றது. பழைய பேட்டரியைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியதற்கு விலைக் குறைப்பு என்று கடைக்காரரோடு பேசி முடித்து, சாலை திறக்கும்வரை அவற்றை நிமிர்த்தி, மழை படாத, குழந்தைகள் போகாத இடத்தில் அடுக்கி வையுங்கள்.