அட்லாண்டிக் கரை பங்கர் பார்க்க நல்ல நாள்
பிரான்சின் காப்பிரெத்தோன் கடற்கரையில் ஜெர்மானியர் விட்டுப்போன இரண்டாம் உலகப்போர் பங்கர்களை (கான்கிரீட் பதுங்கு அரண்களை) பார்க்க, அமாவாசையோ பௌர்ணமியோ கழிந்த ஓரிரு நாளில் போங்கள். கடல் முழுதாக வற்றுவதற்கு 2 மணி நேரம் முன்பே மணலில் இறங்கிவிட வேண்டும். மணல்மேட்டின் மேல் கட்டியவைதான்; கரை அரித்து அரித்து இப்போது அலைக்குள்ளேயே சாய்ந்து கிடக்கின்றன. அந்த நாள்களில் சூரியனும் சந்திரனும் சேர்ந்து இழுப்பதால் கடல் கூடுதலாக உள்வாங்கும், ஒரே நடையில் பார்த்துவிடலாம். அங்குள்ள ஓத (கடல் ஏற்ற இறக்க) அட்டவணையில், அன்றைய ஏற்ற இறக்கம் எவ்வளவு பெரிது என்று காட்டும் ஓர் எண் 20 முதல் 120 வரை இருக்கும். 90க்கு மேல் என்றால் கிளம்பலாம். ஆனால் ஏற்றமும் அன்று அதிகம், நீர் திரும்பியதும் வெளியே வந்துவிடுங்கள்.

மத்தியதரைக் கடல் பக்கம் இந்தக் கணக்கு உதவாது, அங்கே ஓதமே சொற்பம். காற்று பலமாக வீசும் நாளிலும் வேண்டாம்.